கசாப்புக்கடை வரியும் களத்துமேட்டு நெல்லும்

(தஞ்சையில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

நான் பேங்க்ல கிளார்க். பல வருசத்துக்கு முந்தி, பயிற்சி வகுப்பு ஒன்றில் ஒருத்தர் எங்களுக்குப் பொருளாதாரம் சொன்னார். கசாப்புக்காரரும் ரொட்டிக்காரரும் கருணையால நமக்குச் சாப்பாடு தரலை, அவங்கவங்க ஆதாயத்துக்காகத்தான் தர்றாங்க, ஆடம் ஸ்மித்தே சொல்லிட்டார் என்றார். அதே மூச்சில், கூலிச் சங்கமெல்லாம் சந்தையைக் கெடுக்குதுன்னு முடிச்சார்.

தேடிப் படிச்சேன். அந்த வரி 1776-ல் வந்த 'நாடுகளின் செல்வம்' நூலில் இருக்கிறது. ஆனால் அதற்கு 17 வருசம் முந்தியே ஸ்மித் அறவுணர்ச்சிகள் பற்றித் தனி நூல் எழுதியவர். எவ்வளவு சுயநலக்காரனுக்கும் அடுத்தவன் நல்லா இருக்கணும்ங்கிற அக்கறை இயல்பிலேயே உண்டு என்றுதான் அதைத் தொடங்குகிறார். அமர்த்தியா சென் 1987-ல் அறவியலையும் பொருளாதாரத்தையும் பற்றி எழுதிய நூலில் இதை எடுத்துக் காட்டினார். கசாப்புக்கடை வரி, மனிதர்கள் ஏன் கொடுத்து வாங்குகிறார்கள் என்பதை மட்டும் விளக்குகிறது. பங்கீட்டுக்கும் நம்பிக்கைக்கும் பட்டினிக்கும் சுயநலமே போதும்னு ஸ்மித் எங்கேயும் சொல்லலை.

இன்னொன்று. முதலாளிகள் கூலியை ஏறவிடாமல் சத்தமில்லாமல் எப்போதும் ஒன்றுசேர்ந்தே இருக்கிறார்கள், தொழிலாளி சேர்ந்தால்தான் ஊருக்குக் கேட்கிறது என்று அதே 1776 நூல் சொல்கிறது. கீழத்தஞ்சையைப் பார்த்து எழுதினமாதிரி இல்லையா? இங்கே மிராசுதார்களுக்கு நெல் உற்பத்தியாளர் சங்கம் இருந்தது. செங்கொடிச் சங்கத்தில் நின்று கூலி உயர்வு கேட்ட வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

ஸ்மித் ஒரு சட்டையைப் பற்றியும் எழுதினார். நல்ல சட்டை இல்லாமல் நாலுபேர் முன்னால் வரக் கூலிக்காரரும் கூசுவார் என்று. வறுமை என்றால் வயிறு மட்டுமல்ல, வெட்கப்படாமல் நடமாட முடியாததும்தான் என்று சென் இதை விரித்தார். சரிதான். ஆனா நம்ம பாட்டனுக்குச் சட்டை போட்டதே குத்தம். செருப்பைக் கையில் எடுத்துக்கிட்டு ஆண்டை தெருவைக் கடந்தவங்க நாம. இங்கே வெட்கம் இல்லாமையால வரலை, கட்டளையால வந்தது.

ஒரு கடை பிடிக்கலைன்னா அடுத்த கடைக்குப் போகலாம் என்பதில்தான் ஸ்மித்தின் சந்தை நிற்கிறது. பண்ணையாளுக்கு அடுத்த ஆண்டை ஏது? அவரை நினைச்சபடி வெளியேத்தாமல் காக்கவே 1952-ல் தனிச் சட்டம் வரவேண்டியிருந்தது. சாதி வெறும் வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதிவிட்டார். பொருளாதாரம் படித்தவர் அவர். ஸ்மித்தை நாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கணும்.

மாணவத் தோழர்களே, நாளைக்கு வகுப்பில் யாராவது அந்த ஒரு வரியை நீட்டினால், பயந்து தலையாட்டாதீங்க. மிச்சப் பக்கங்களையும் வாசிக்கச் சொல்லுங்க.