மடிக்கணினியும் மின்சிக்கனமும்

மின்சாரத்தின் அருமையை வன்னி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டின் பின்னர்ப் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் மண்ணெண்ணெயும் மின்கலமும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. அந்நாளில் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த சிறு மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் அவர்கள். இன்று புதுக்குடியிருப்பிலும் மின்கம்பிகள் ஓடுகின்றன. ஆயினும் 2022 மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டதையும், 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடளாவிய மின்தடை ஏற்பட்டதையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இத்தகைய ஊரில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்திக்குப் பழைய மடிக்கணினி ஒன்று கிடைக்கிறது என்று கொள்வோம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 அப்பழைய கணினியை ஏற்பதில்லை. ஆகவே விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் அதில் நிறுவப்படுகிறது. வேலை நன்றாகவே நடக்கிறது. ஆனால் இரவு மூடிப் பையில் வைத்த கணினி, காலையில் பாடசாலையிற் திறக்கும்போது சூடேறி, மின்கலம் வற்றிக் கிடக்கிறது. “லினக்ஸ் உதவாது” என்கிறார் ஒருவர். “மின்கலத்தை மாற்ற வேண்டும்” என்கிறார் மற்றொருவர். மாற்றுவதற்கு வீட்டிற் பணமில்லை. யார் கூற்று உண்மை?

நோய் இன்னதென்றும், அதன் காரணம் இன்னதென்றும் தெளிந்த பின்னரே மருந்தை நாட வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அது பொறிகளுக்கும் பொருந்தும்.

முதலிற் சோதிக்க வேண்டியது மின்கலம். லினக்ஸில் ‘யூபவர்’ என்னும் கட்டளை இரண்டு எண்களைக் காட்டும். ஒன்று, மின்கலம் புதிதாயிருந்தபோது கொள்ளத்தக்க ஆற்றல்; மற்றது, இன்று அது கொள்ளும் ஆற்றல். முன்னது 48 வாட்-மணி, பின்னது 30 வாட்-மணி என வைத்துக்கொள்வோம். கணினி 10 வாட் செலவிட்டால் அது 3 மணி நேரம் ஓடும். அச்செலவை 6 வாட்டாகக் குறைத்தால் அதே மின்கலம் 5 மணி நேரம் தாங்கும். புதிய மின்கலம் வாங்கி, செலவைக் குறையாது விட்டாலோ 5 மணி நேரங்கூட நிறையாது. கடைக்குச் செல்லுமுன் இக்கணக்கைப் பார்ப்பது நன்று. ஆனால் மின்கலம் வீங்கியிருப்பின் கணக்குக்கு இடமில்லை. அதனை உடனே நீக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, செலவு. மின்னேற்றியைக் கழற்றிவிட்டு ‘பவர்டாப்’ என்னும் கருவியை இயக்கினால், எத்தனை வாட் செலவாகிறது என்பதும், எந்தச் செயலி கணினியை ஓயவிடாது எழுப்புகிறது என்பதும் புலப்படும். திரையின் ஒளியைக் குறைப்பதே பெரும்பாலும் முதற் சிக்கனம். ‘டி.எல்.பி.’ என்னும் மென்பொருளும் துணைபுரியும். எனினும், பல லினக்ஸ் வகைகளில் முன்னரே அமைந்துள்ள ‘பவர் புரொபைல்ஸ்’ சேவையுடன் அது முரண்படும். ஒரு வண்டிக்கு இரு சாரதிகள் ஆகார். ஒன்றையே வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, உறக்கம். மாணவியின் கணினிக்கு நேர்ந்த கேடு பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். இயங்குதளமும் வன்பொருளும் மின்சாரம் குறித்து உரையாடும் விதிமுறையை இன்டெல், மைக்ரோசொப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996இல் வெளியிட்டன. அவ்விதிப்படி உற்பத்தியாளர் எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் விண்டோஸைக் கொண்டே சோதிக்கப்பட்டன. அதனால் லினக்ஸ் சிற்சில கணினிகளில் அவற்றைப் பிழைபட விளங்கிக்கொள்கிறது.

லினக்ஸின் ‘மெம் ஸ்லீப்’ கோப்பில் இருவகை உறக்கங்களைக் காணலாம். ஒன்று மேலோட்டமான உறக்கம். அதில் வன்பொருளின் பல பகுதிகள் முற்றாக அணைவதில்லை. மற்றது ‘டீப்’ எனப்படும் ஆழ்ந்த உறக்கம். பின்னது அங்கே இருந்தும் தெரிவுசெய்யப்படாதிருந்தால், அதனைத் தெரிவுசெய்யலாம். அது இல்லையாயின் பயோஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும். சில திங்க்பேட் கணினிகளில் லினக்ஸுக்கென்றே உறக்கத் தெரிவு ஒன்று உண்டு. அதுவும் இல்லையெனில், நினைவகத்தில் உள்ளதைத் தட்டில் எழுதிவிட்டு முற்றாக அணையும் ‘ஹைபர்னேட்’ முறை உண்டு. அதற்குத் தட்டிற் போதிய ‘சுவாப்’ இடம் வேண்டும். எம்முறையாயினும், எழுதியவற்றைச் சேமித்துவிட்டு, மேசையில் வைத்துப் பலமுறை சோதித்த பின்னரே பையில் வைக்க வேண்டும்.

எஞ்சிய மின்கலத்தைப் பேணவும் வழியுண்டு. லிதியம் மின்கலம் சூட்டிலும் முழுநிறைவிலும் நெடுநேரம் இருந்தால் விரைவில் மூப்படையும். ஆதலால் சில கணினிகளில் மின்னேற்றத்தை 80 வீதத்துடன் நிறுத்திவிடலாம். மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளில் மட்டும் முழுவதும் நிரப்பிக்கொள்ளலாம்.

ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றி, மாற்றுமுன் இருந்த வாட்டையும் பின் இருந்த வாட்டையும் கொப்பியிற் குறித்துவைத்தால், எது பயன் தந்தது என்பது ஐயமின்றித் தெரியும். பலவற்றை ஒருங்கே மாற்றியவருக்குப் பழுது நீங்கினாலும் காரணம் விளங்காது. மீண்டும் பழுது வரும்போது அவர் மீண்டும் பிறர் சொல்லையே நம்ப வேண்டியவராவார். கணக்கறிந்து செயற்படும் மாணவியோ தன் கணினியைக் காப்பதோடு, அயல்வீட்டாரின் கணினிக்கும் வழி சொல்லத் தக்கவளாவாள்.