பெயரும் ஜாதி வாலும்
(திருவண்ணாமலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாட்டுத் தலைவர்களை நாம் எந்தப் பெயரால் அழைக்கிறோம்? நேரு என்கிறோம். அது குடும்பப் பெயர். தகப்பனார் மோதிலாலும் நேருதான். மகன் ஜவஹர்லாலும் நேருதான். அண்ணாதுரை என்கிறோம். அது அவருக்கே இட்ட பெயர். முன்னால் நிற்கும் சி. என். என்ற எழுத்துக்கள் காஞ்சிபுரம் என்ற ஊரையும், நடராஜன் என்ற தகப்பனாரையும் குறிப்பவை. வடக்கே கடைசிப் பெயர் குடும்பத்தைச் சொல்லும். இங்கே ஆளைச் சொல்லும்.

இந்த வழக்கம் தானாக வந்துவிடவில்லை. ராமசாமி நாயக்கர், காமராஜ் நாடார், சிங்காரவேலு செட்டியார் என்றுதான் நமது பத்திரிகைகளும் ஒரு காலத்தில் அச்சடித்தன. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்கும்படி அறைகூவிற்று. ஆந்திரத்தில் சுந்தரராமி ரெட்டியாகப் பிறந்தவர், ரெட்டிப் பட்டத்தை உதறிவிட்டு, சுந்தரய்யா என்றே நாடறிய வாழ்ந்தார்.

பெரிய மனிதர்கள் வாலை அறுத்தார்கள், நல்லது. பண்ணையாளின் கதை என்ன? அவனுக்கு முழுப் பெயர்கூடக் கிடைக்கவில்லையே! மிராசுதாருக்குப் பெயரோடு பட்டமும் உண்டு. அவர் வீட்டுச் சிறுவனோ, தலை நரைத்த உழைப்பாளியை 'அடே முனியா' என்பான். முனுசாமி என்று சொன்னால் அந்த வாய்க்கு என்ன கேடு? 'சாமி' என்ற சொல் சேரியில் இருக்கக்கூடாது என்ற திமிர்தான்!

நமது மாவட்டத்தின் பெயரையே பாருங்கள். 1989இல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்தபோது, திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றார்கள். வேலூர்ப் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாயிற்று. 1997இல் தெற்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனோடு நின்று வெள்ளையனை எதிர்த்த வீரன் அவன். ஆனால் அவன் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவன் என்பதால், அப்பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க ஜாதியார் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது. கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும், எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசாங்கம் எடுத்துவிட்டது. சம்புவராயர் போனார், அம்பேத்கரும் போனார். ஜாதி போயிற்றா?

ஆகவே தோழர்களே, பலகையில் பெயரை அழிப்பதோடு வேலை முடிந்துவிடாது. தலைவரைப் பட்டமின்றி, அவரது சொந்தப் பெயரால் அழைக்கக் கற்றுக்கொண்டோம். அதே மரியாதையோடு களத்துமேட்டிலும் ஆலை வாசலிலும் உழைப்பாளியின் பெயரை முழுதாகச் சொல்ல வேண்டும். மேஸ்திரி 'அடே' என்றால், "எனக்கொரு பெயர் இருக்கிறது" என்று ஒருவர் சொல்லட்டும். பக்கத்தில் நிற்கும் நாம் அனைவரும் அந்தப் பெயரை உரக்கச் சொல்வோம்!