பெயின்ட்டுக்கு அடியில என்ன இருக்கு?

(ஒலிப்பதிவிலிருந்து எழுதி, படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்ட வடிவம்.)

பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு சத்தம் கேளுங்க.

[தகட்டைத் தட்டும் ஒலி: ணங், ணங்]

இது ஒரு காரோட இடது பக்கப் பின் கதவு. இப்ப அதே காரோட வலது பக்கம், பின் சக்கரத்துக்கு மேல இருக்கிற இடம்.

[டொக், டொக்]

கேட்டுச்சா? முதல்ல கேட்டது இரும்பு. ரெண்டாவது பட்டி. வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே க்ரீம் கலர், ஒரே பளபளப்பு. இன்னிக்கு எபிசோடு அந்த ரெண்டாவது சத்தத்தைப் பத்தித்தான்.

வண்டி எங்க அப்பாவோட பிரீமியர் பத்மினி, 1986 மாடல். தெரியாதவங்களுக்காக ஒரு வரி: பம்பாய்ல பிரீமியர் கம்பெனி, ஃபியட் 1100 காரை 1964-லேர்ந்து ‘டிலைட்’ங்கிற பேர்ல செஞ்சது. அதே வண்டிதான் எழுபதுகள்ல பத்மினி ஆச்சு. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துல கை கியர், முன்னாடி நீள பெஞ்ச் சீட். பழைய படங்கள்ல பம்பாய்னு காட்டணும்னா கறுப்பு மஞ்சள் டாக்சி ஒண்ணு ஓடுமே, அதே வண்டி.

அப்பா இதை 1993-ல ஆபீஸ் நண்பர் ஒருத்தர்கிட்டேர்ந்து வாங்கினார். சின்ன வயசுலேர்ந்து நான் கேட்டு வளர்ந்த வசனம் ஒண்ணு இருக்கு: “சிங்கிள் ஓனர் வண்டி. ஒரு கீறல் கிடையாது. கை படாத வண்டி.” கல்யாண வீட்டுலயும் சொல்வார், பெட்ரோல் பங்க்லயும் சொல்வார்.

இன்ஜின் வேலையை மெக்கானிக் பார்த்துக்கிட்டார். பாடி வேலையை நானே வீட்டுல செய்றேன்னு கிளம்பினேன். எங்க வீடு நங்கநல்லூர்ல, ஒரு கார் மட்டும் நிக்கிற போர்டிகோ. யூடியூப்ல பார்த்தா எல்லாரும் பெயின்ட் அடிக்கிறதைத்தான் காட்டுவாங்க. பெயின்ட் அடிக்க ஒரு நாள் போதும். அதுக்கு முன்னாடி இருக்கிற வேலை எனக்கு ஏழு மாசம் ஆச்சு.

கழட்டுற வேலையை வேகமா சொல்லிடறேன். பம்பர், பீடிங், விளக்கு, ரப்பர் எல்லாம் வெளியில வரணும். ஒவ்வொண்ணையும் கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, ஸ்க்ரூவை ஜிப் கவர்ல போட்டு மேல எழுதி வைங்க. ‘ஞாபகம் இருக்கும்’னு நினைக்காதீங்க, இருக்காது. ரப்பரைக் கழட்டாம ஓரமா டேப் ஒட்டி அடிச்சா, அந்த விளிம்புலேர்ந்துதான் பெயின்ட் உரிய ஆரம்பிக்கும்.

அடுத்தது காந்தம். ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருப்போமே, அதேதான். ஒரு மெல்லிசு துணியில சுத்தி, வண்டி முழுக்க நகர்த்திக்கிட்டே போகணும். இரும்பு இருக்கிற இடத்துல இழுக்கும். பட்டி தடிமனா இருக்கிற இடத்துல பிடிமானம் போயிடும். அப்பா நாற்காலி போட்டு காபியோட உக்காந்திருந்தார். பானெட்ல ஒட்டிச்சு, கதவுல ஒட்டிச்சு. வலது பக்கம் பின் சக்கரத்துக்கு மேல வந்ததும் காந்தம் நழுவித் தரையில விழுந்துச்சு. எடுத்துத் திரும்ப வச்சேன். திரும்ப விழுந்துச்சு.

“என்னம்மா, ஒட்டலையா?”

“காந்தம் சின்னதுப்பா.”

பொய் சொன்னேன். அவரும் ஒண்ணும் சொல்லல, காபி டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டார்.

பழைய பெயின்ட்டை எடுக்கிற இடத்துக்கு வருவோம். இங்க ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பெயின்ட்ல ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில மெஷின் போட்டுத் தேய்ச்சா அந்தத் தூசு காத்துல பறந்து வீட்டுக்குள்ள போகும், குழந்தைங்க தவழற தரையில போய் உக்காரும். அதனால பழைய பெயின்ட்டைத் தண்ணி விட்டு, வாட்டர் பேப்பர்லதான் தேய்க்கணும். கெட்டியான இடத்துல பெயின்ட் ரிமூவர் தடவி, சுரண்டி எடுக்கலாம். அந்த ரிமூவரும் சாதாரண சாமான் இல்ல. காத்தோட்டமான இடம், ரப்பர் க்ளவுஸ், கண்ணாடி இதெல்லாம் கட்டாயம் வேணும். வேலை முடிஞ்சதும் போட்டிருந்த துணியைத் தனியாத் துவைங்க. மணல் அடிச்சு சுத்தம் பண்ணித் தரேன்னு சிலர் வருவாங்க. சேசிஸ் பாகம், சக்கரம்னா சரி. பானெட், கூரை மாதிரி அகலமான மெல்லிசு தகட்டுல முரட்டுத்தனமா அடிச்சா தகடு நெளிஞ்சுடும், அப்புறம் நேராக்கவே முடியாது.

தேய்க்கத் தேய்க்க ஓரத்துல வளையம் வளையமா அடுக்கு தெரியும், மரத்தை வெட்டினா தெரியுமே அந்த மாதிரி. மேல இருந்த க்ரீம், அப்பா 1999-ல அடிச்சது. அதுக்குக் கீழ கொஞ்சம் மஞ்சள் கூடின இன்னொரு க்ரீம். அதுக்குக் கீழ சாம்பல் பிரைமர். அப்புறம் பட்டி. பட்டிக்கும் கீழ, அங்கங்க ஒட்டிக்கிட்டிருந்த கம்பெனி பெயின்ட்.

வரிசையைக் கவனிச்சீங்களா? பட்டி, அப்பா அடிச்ச பெயின்ட்டுக்கு ரெண்டு அடுக்கு கீழ இருக்கு. கம்பெனி பெயின்ட்டுக்கு மேல இருக்கு. அப்படின்னா வண்டி அடி வாங்கினது அப்பா வாங்கறதுக்கு முன்னாடி. அதுக்கு முன்னாடி இருந்தது ஒரே ஓனர்.

பட்டியை முழுசா எடுத்தேன். தடிமனான இடத்துல எட்டு மில்லிமீட்டர் இருந்துச்சு. பட்டி மூணு மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு சொல்வாங்க. அதுக்கு மேல பள்ளம்னா தகட்டைத் தட்டி நிமிர்த்தணும். இங்க யாரும் தட்டவே இல்ல, ஒடுக்கை அப்படியே விட்டு மேல பூசியிருக்காங்க. அதுக்குள்ள ஈரம் புகுந்து, சக்கரத்து ஓரம் விரல் நுழையற அளவுக்குத் துரு தின்னுருந்துச்சு. பத்மினிக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் எல்லா பாரத்தையும் தாங்குது. ஆக, துரு வெறும் அழகுப் பிரச்சினை இல்ல.

அப்பாகிட்ட சொல்றதா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அந்த நண்பர் இப்ப உயிரோட இல்ல. அப்பாதான் கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துக்கிட்டு இருந்தார். மூணாவது நாள் காலையில நான் போர்டிகோவுக்கு வரும்போது, அப்பா ஏற்கனவே குனிஞ்சு அந்த ஓட்டையைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

“இது எப்ப ஆனது?”

அடுக்கைக் காட்டி விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், “அவனுக்குக் காசு முடையா இருந்த நேரம் அது”ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார். பத்து நாளைக்குப் போர்டிகோ பக்கமே வரல.

வெல்டிங் எனக்குத் தெரியாது. டிங்கரிங் பண்ற அண்ணன் ஒருத்தரை வீட்டுக்குக் கூப்பிட்டோம். துருப்பிடிச்ச தகட்டை நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்தார், புதுத் தகட்டை வளைச்சு வச்சார். ஒரே இழுப்புல வெல்ட் போடல. இங்க ஒரு புள்ளி, அங்க ஒரு புள்ளி, நடுவுல ஆற விட்டு ஆற விட்டுப் போட்டார். ஒரே இடத்துல சூடு ஏறினா தகடு கோணிக்கும். உள்பக்கம் இரும்புக் கட்டையை வச்சு, வெளிப்பக்கம் சுத்தியால மெல்லத் தட்டி ஒடுக்கை நிமிர்த்தினதைப் பார்க்கணுமே! கண்ணால பார்க்கவே மாட்டார், உள்ளங்கையால தடவித் தடவித்தான் வேலை. “கண்ணு ஏமாத்தும்மா, கை ஏமாத்தாது”ன்னார். நானும் பழகினேன். மெல்லிசு காட்டன் துணியை நடுவுல வச்சுத் தடவினா மேடு பள்ளம் இன்னும் நல்லாத் தெரியும்.

இப்ப நான் பண்ணின தப்பு.

அக்டோபர் கடைசி. பானெட்டை வெறும் இரும்பு வரைக்கும் தேய்ச்சுட்டேன், கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இன்ஸ்டால போட்டோ போட்டேன். ஒரு வாரம் ஆபீஸ் வேலை, தொடல. அடுத்த சனிக்கிழமை பார்த்தா ஆரஞ்சு கலர்ல மெல்லிசாத் துரு. நம்ம ஊர் காத்துல ஈரம் ஜாஸ்தி, வெறும் இரும்பை ஒரு ராத்திரி கூட அப்படியே விடக் கூடாது. சரி, திரும்பத் தேய்ச்சு கடையில கிடைச்ச ஸ்ப்ரே கேன் பிரைமரை அடிச்சேன். இனி கவலையில்லன்னு நினைச்சேன். நவம்பர் முழுக்க மழை. சாரல் போர்டிகோ வரைக்கும் வந்துச்சு. மூணு வாரத்துல பிரைமர் மேல குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்புப் புள்ளி. தேய்ச்சுப் பார்த்தா அடியில முழுக்கத் துரு.

எனக்குத் தெரியாதது இதுதான்: சாதாரண பிரைமர் ரெயின்கோட் இல்ல. அதுல நுண்ணிய துளைங்க இருக்கு, தண்ணியை உறிஞ்சிக்கும். ஈரத்தைத் தடுக்கிறது எபாக்சி பிரைமர், ரெண்டு டப்பா கலந்து அடிக்கிறது. பானெட்டை மூணாவது தடவை தேய்ச்சேன். இந்தத் தடவை தேய்ச்ச அன்னிக்கே, மழையில்லாத நாளாப் பார்த்து, சின்ன ரோலர்ல எபாக்சி போட்டேன். ரோலர்ல போட்டா கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும். பரவாயில்ல, எப்படியும் தேய்க்கத்தானே போறோம். தோல்ல மட்டும் பட விடாதீங்க, அலர்ஜி வரும். தின்னர் வாசனைக்கு N95 மாஸ்க் உதவாது, அது தூசுக்குத்தான். கார்ட்ரிட்ஜ் வச்ச மாஸ்க் வேணும்.

துருவுக்குத் தடவுற ஆசிட் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. குழிக்குள்ள இருக்கிற துருவுக்கு நல்லது. ஆனா தடவிட்டு நல்லாக் கழுவி உடனே உலர்த்தணும். மிச்சம் இருந்தா அதுமேல எபாக்சி சரியாப் பிடிக்காது.

பட்டி கலக்கறதுல ஒரு விஷயம். ஹார்டனர் எடையில ரெண்டு சதவீத வாக்குலதான், அதாவது நூறு கிராமுக்கு ரெண்டு கிராம். சீக்கிரம் காயட்டும்னு கூடப் போட்டா, பின்னாடி பெயின்ட்ல கறை ஏறி வரும். சென்னை வெயில்ல நாலஞ்சு நிமிஷத்துல கையிலயே இறுகிடும், அதனால கொஞ்சம் கொஞ்சமாக் கலக்குங்க. தேய்க்கும்போது தண்ணி ஊத்தாதீங்க. இதைச் சொன்னா பெயின்டர் அண்ணன்கள் என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. நம்ம ஊர்ல பல இடத்துல தண்ணி ஊத்தித்தான் தேய்க்கிறாங்க, தூசு வராதுங்கிறதுக்காக. ஆனா பட்டி தண்ணியைக் குடிக்கும். அது உள்ளயே தங்கி, ஆறு மாசம் கழிச்சு பெயின்ட் கொப்புளமா எழும்பும். ஆக, பழைய பெயின்ட்டை ஈரமாத் தேய்க்கிறோம், பட்டியை உலர்ந்து தேய்க்கிறோம். இதைக் குழப்பிக்காதீங்க.

முதல்ல 80 நம்பர் பேப்பர், அப்புறம் 180. பேப்பரை விரலால அழுத்தித் தேய்ச்சா விரல் அழுந்தின இடமெல்லாம் வாய்க்கால் ஆயிடும். நீளமான கட்டையில பேப்பரைச் சுத்தி, குறுக்கும் மறுக்குமாத் தேய்க்கணும். பட்டி மேல கறுப்பு ஸ்ப்ரேயை மெல்லிசா தூவி விட்டுட்டுத் தேய்ச்சுப் பாருங்க. மேடு வெளுத்துடும், பள்ளத்துல கறுப்பு தங்கும். எங்க தப்புன்னு வண்டியே காட்டிக் கொடுக்கும்.

அந்த வலது பக்கத்துல கறுப்பு போகவே மாட்டேங்குது. ஒரு ஞாயித்துக்கிழமை மதியம், நானும் மூணு மணி நேரமாத் தேய்ச்சுக்கிட்டிருக்கேன். பின்னாலேர்ந்து குரல்.

“ஒரே பக்கமாவே தேய்க்கிறியே, குறுக்கால இழு.”

கட்டையைக் கையில வாங்கி, நாற்காலியைச் சக்கரத்துக்குப் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்துட்டார். மாஸ்க் குடுத்தேன், முனகிக்கிட்டே மாட்டிக்கிட்டார். அன்னிக்கு மட்டும் இல்ல, அந்த மூலையை முழுசா அவர்தான் முடிச்சார். நாலு நாள் ஆச்சு. இப்ப அங்க பட்டி மொத்தமா ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. காந்தம் நிக்குது, நானே வச்சுப் பார்த்தேன். இல்ல, அவர்தான் முதல்ல வச்சுப் பார்த்தார்.

இதுக்கு மேல வீட்டுல செய்யல. மேல் பிரைமரும் கலரும் ஹார்டனர் கலந்த பெயின்ட், அதுல ஐசோசயனேட் இருக்கு. அதை ஸ்ப்ரே பண்ணும்போது மூச்சுல போனா ஆஸ்துமா வரும், ஒரு தடவை வந்தா ஆயுசுக்கும் இருக்கலாம். வெளியிலேர்ந்து சுத்தமான காத்து வர்ற முகமூடியும் பூத்தும் வேணும், பக்கத்து வீட்டு ஜன்னல் ஆறடி தள்ளி இருக்கிற போர்டிகோ அதுக்கு இடம் இல்ல. அதனால வண்டியை லாரியில ஏத்தி பூத் இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிட்டோம். அனுப்பறதுக்கு முன்னாடி டாஷ்போர்டு பாலிஷ் எதுவும் வண்டிப் பக்கம் போகாமப் பார்த்துக்கிட்டேன். அந்த சிலிக்கான் துளி பட்டாலும் பெயின்ட் அந்த இடத்துல ஒட்டாம மீன் கண்ணு மாதிரி வட்டமா விலகும். சேசிஸ் நம்பர் பொறிச்ச இடத்தைத் தேய்க்காம, பட்டி பூசாம விட்டிருக்கோம், ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பென்சில்ல தேய்ச்சு எடுப்பாங்க.

கலர் க்ரீம்தான். சிலர் கறுப்பு அடிங்கன்னாங்க. கலர் மாத்தினா ஆர்.சி.யிலயும் மாத்தணும், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒர்க்‌ஷாப்ல கலர் சாம்பிள் கேட்டப்ப அப்பா சட்டைப் பையிலேர்ந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்தார். நான் சுரண்டிப் போட்ட கம்பெனி பெயின்ட் சில்லு, பேப்பர்ல மடிச்சு வச்சிருந்தார்.

வண்டி அடுத்த வாரம் வருது. வந்ததும் அதே ரெண்டு இடத்துல தட்டி, சத்தத்தைப் பதிவு பண்ணிப் போடுறேன்.