சம்பளமும் கடையும் ஒரே கணக்கில்

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் குடும்பங்களுக்காக ரமலானுக்கு முன் நடந்த கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நம் இரண்டு ஊர்களிலும் ஒரே வருமானத்தில் ஓடும் வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. காலையில் மில் ஆபீசில் கணக்கு எழுதுபவர் மாலையில் ஜவுளிக் கடையைத் திறக்கிறார். பள்ளியில் அரை நாள் வேலை பார்க்கும் சகோதரி, வீட்டில் மெஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுக்கிறார். மருந்துக் கடையில் பகுதி நேரம் நிற்கும் இளைஞர், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை வெளியூருக்கு வாங்கி அனுப்புகிறார். எல்லாம் ஹலாலான உழைப்புதான். ஆனால் வருமான வரி என்றதும், "சம்பளத்துக்கு முதலாளி பார்த்துக்கொள்வார், கடை சின்னக் கடைதானே" என்று இருந்துவிடுகிறோம். இந்த எண்ணத்தால் சிலர் கட்ட வேண்டியதைக் கட்டாமல் மாட்டிக்கொள்கிறார்கள். வேறு சிலர் தங்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணத்தையே விட்டுவிடுகிறார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வரித்துறைக்கு உங்கள் சம்பளம் தனி, கடை தனி அல்ல. உங்கள் பான் எண்ணில் ஒரே ஆள்தான் இருக்கிறார். எல்லா வருமானத்தையும் கூட்டித்தான் வரி. முதலாளிக்கு அவர் கொடுக்கும் சம்பளம் மட்டுமே தெரியும். உங்கள் கடை லாபம் தெரியாது. கூட்டிப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது.

வரும் மார்ச் 31-ல் முடியும் 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15. அதற்கு மேல் படிப்படியாக 30 வரை போகிறது. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி கிடைத்து, வரி பூஜ்யமாகிவிடும். சம்பளத்தில் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. இரண்டு இடத்தில் சம்பளம் வாங்கினாலும் இந்தக் கழிவு ஒரு முறைதான்.

சிறு வியாபாரிக்குச் சட்டம் ஓர் எளிய வழி வைத்திருக்கிறது. ஆண்டு விற்பனை 2 கோடிக்குள் இருந்தால், ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி அல்லது யுபிஐ வழியாக வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டலாம். ஒவ்வொரு செலவுக்கும் ரசீது காட்டத் தேவையில்லை. ஆனால் இது குறைந்தபட்ச அளவு. உண்மையான லாபம் இதைவிட அதிகம் என்று உங்களுக்கே தெரிந்தால், அந்த அதிகத்தைக் காட்டுவதுதான் நேர்மை. கமிஷன், தரகு வருமானத்துக்கு இந்த வழி கிடையாது. எல்ஐசி முகவர்களும் நிலத் தரகு பார்ப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மேலும், இந்த வழியில் நுழைந்து ஐந்து ஆண்டுக்குள் வெளியேறினால், அடுத்த ஐந்து ஆண்டுக்குத் திரும்ப வர முடியாது.

மூன்று கணக்குகளைப் பார்ப்போம். ஆட்கள் கற்பனை, கணக்கு உண்மை.

முதலாமவருக்கு மில்லில் பகுதி நேரச் சம்பளம் ஆண்டுக்கு 2,16,000. கழிவு போக 1,41,000. கடையில் யுபிஐ விற்பனை 18 லட்சம், ரொக்கம் 12 லட்சம். லாபம் 1,08,000-மும் 96,000-மும் சேர்த்து 2,04,000. மொத்த வருமானம் 3,45,000. வரி இல்லை. இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்யுங்கள் என்பேன். நாளைக்குக் கடையைப் பெரிதாக்கவோ பிள்ளையின் படிப்புக்கோ வங்கிக்குப் போனால், முதலில் கேட்பது முந்தைய ஆண்டுகளின் வரிக் கணக்கைத்தான்.

இரண்டாமவர் நம் வீட்டுப் பிள்ளை. ஒரு கடையில் அரை நாள் வேலை, மாதம் 10,000. இரவில் வெளியூர் கம்பெனிக்கு மென்பொருள் எழுதித் தருகிறார், மாதம் 30,000. கம்பெனி அதைச் சம்பளமாகக் கொடுக்கவில்லை. தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுக்கிறது. ஆண்டுக்குப் பிடித்தது 36,000. அந்தத் தொழிலில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டச் சட்டம் அனுமதிக்கிறது: 1,80,000. சம்பளத்தில் கழிவு போக 45,000. மொத்தம் 2,25,000. கட்ட வேண்டிய வரி ஒரு ரூபாய்கூட இல்லை. பிடித்த 36,000-மும் திரும்ப வரும், தாக்கல் செய்தால் மட்டும். பிடித்தம் 25,000-ஐத் தொட்டாலே தாக்கல் கட்டாயம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு 36,000 ரூபாய் சின்னப் பணமா?

மூன்றாமவர் கொஞ்சம் வசதியானவர். பகுதி நேர மேலாளர். ஆண்டுச் சம்பளம் 4,80,000, கழிவு போக 4,05,000. கடை லாபம் 9 லட்சம். தனித்தனியே பார்த்தால் இரண்டுக்கும் வரி இல்லை. அதனால் முதலாளி எதுவும் பிடிக்கவில்லை. ஆனால் கூட்டினால் 13,05,000. 12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விட்டது. வரி 75,750, அதன்மேல் 4 சதவீதம் செஸ் 3,030, ஆக 78,780. நம்மவர்கள் அதிர்ந்துபோவது இந்த இடத்தில்தான்.

கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயை எட்டினால் முன்கூட்டியே கட்ட வேண்டும். எளிய வழியில் லாபம் காட்டுபவர் முழுவதையும் மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும். பிறை பார்ப்பதைப் பொறுத்து, இந்த ஆண்டு அந்தத் தேதி ரமலானின் கடைசிப் பத்தில் வருகிறது, கிழமையும் ஞாயிறு. இபாதத்தும் பெருநாள் வியாபாரமும் சேர்ந்த நேரத்தில் மறந்துபோகும். அதனால்தான் இப்போதே சொல்கிறேன். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. வட்டியை விட்டு ஒதுங்கி வாழ நினைக்கும் நாம், கவனக்குறைவால் இந்த வட்டியில் விழ வேண்டாம்.

சம்பளமும் எளிய வழி லாபமும் மட்டும் இருந்து, மொத்தம் 50 லட்சத்துக்குள் என்றால் ஐடிஆர்-4 படிவம். கடை வைத்துக்கொண்டு ஐடிஆர்-1 போடக் கூடாது. கமிஷன் வருமானம் இருந்தால் ஐடிஆர்-3. கடைசித் தேதி வழக்கமாக ஜூலை 31-ஆக இருந்தது. கடந்த ஆண்டு செப்டம்பர் 16 வரை நீட்டினார்கள். நீட்டிப்பை நம்பி இருக்காதீர்கள். தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. வரும் ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. ஆனால் இந்த மார்ச் வரை சம்பாதித்ததற்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும்.

"மறைத்தால் யாருக்குத் தெரியும்?" என்று கேட்பவர்களும் உண்டு. சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் போட்டால் வங்கி வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். உங்கள் பெயரில் பிடித்த வரி படிவம் 26ஏஎஸ்-ல் இருக்கும். மற்ற விவரங்கள் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் இருக்கும். வருமான வரி இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். ஆனால் நமக்கு அதைவிடப் பெரிய காரணம், அல்லாஹ்வுக்குத் தெரியும் என்பது.

"ஜகாத் கொடுக்கிறேனே, வரி எதற்கு?" என்பார் ஒருவர். "வரி கட்டுகிறேனே, ஜகாத் எதற்கு?" என்பார் இன்னொருவர். வரி ஓராண்டு வருமானத்தின் மீது நாட்டின் சட்டம் விதிப்பது. ஜகாத், நிஸாபை எட்டி ஓராண்டு நம்மிடம் நின்ற செல்வத்தின் மீது மார்க்கம் விதித்த கடமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இரண்டுக்கும் தேவைப்படுவது ஒழுங்கான கணக்கு. குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகவே இன்றே செய்ய வேண்டியவை நான்கு. கடைக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, வீட்டுச் செலவை அதில் கலக்காதீர்கள். தினசரி விற்பனையை ரொக்கம், யுபிஐ என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். பகுதி நேர வேலையில் கிடைப்பது சம்பளமா, கட்டணமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளத்துக்கு வரி பிடித்திருந்தால் படிவம் 16, கட்டணத்தில் பிடித்திருந்தால் 16ஏ கேட்டு வாங்குங்கள். பிப்ரவரி முடிவதற்குள் இரண்டு வருமானத்தையும் கூட்டிப் பாருங்கள். 12 லட்சத்தை நெருங்கினால் உடனே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

கணக்கு எழுதத் தெரியாத சகோதரிகள் நோட்டையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். கூட்டிப் பார்க்க நாங்கள் உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

நம் உழைப்பிலும் கணக்கிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.