காய்ச்சலும் பிளேட்லெட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மழைக்காலம் பிறந்தால் நம்ம ஊரில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" டெங்கு பழக்கிவிட்ட கேள்வி அது. ஆனால் சளி, இருமலோடு வரும் ஃபுளூ, கொரோனா காய்ச்சல்களும் பிளேட்லெட்டைப் பாதிக்கும். பாதிக்கிற விதம்தான் வேறு.

பிளேட்லெட் என்பது ரத்தத்தில் ஓடும் தட்டணுக்கள். எலும்பு மஜ்ஜையில் உண்டாகி, 7 முதல் 10 நாள் வரை உயிரோடு இருக்கும். ஒரு மைக்ரோலிட்டர், அதாவது கடுகளவு ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும். கண்மாய்க் கரை உடைந்தால் ஊர் ஆட்கள் மண்மூட்டையோடு ஓடி வருவார்கள் இல்லையா? அதே மாதிரி காயம் பட்ட இடத்துக்கு ஓடிவந்து அடைத்து, ரத்தத்தை நிறுத்துவது இவற்றின் வேலை.

டெங்குவில் அந்த ஆட்களே குறைந்துபோகிறார்கள். மஜ்ஜையில் உற்பத்தி குறையுது, இருப்பதும் அழியுது. அதனால்தான் ரத்தக்கசிவு வருமோ என்று பயப்படுகிறோம்.

ஃபுளூ, கொரோனா கிருமி நுரையீரலில் பலமாக இறங்கினால் நடப்பது வேறு கதை. கிருமியோடு நடக்கும் சண்டையில் தட்டணுக்களும் சேர்ந்து உசுப்பேறி, ஒன்றோடொன்றும் வெள்ளை அணுக்களோடும் ஒட்டிக்கொள்ளும். ரத்தக்குழாயின் உள்பக்கமும் புண்படும். கரை உடையாதபோதே ஓடுற வாய்க்காலில் மண்மூட்டையைப் போட்டால் என்ன ஆகும்? தண்ணீர் அடைபடும். அப்படித்தான் ரத்தம் குழாய்க்குள்ளேயே கட்டிப் போகும். இதில் செலவாகிப் போவதாலும் எண்ணிக்கை குறையலாம், குறையாமலும் இருக்கலாம். ஆகவே "கவுண்ட் நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் நம்பி இருந்துவிட முடியாது.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று நம்ம மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில்தான் நடந்தது. அதற்குப் பிறகு குழுப் பெண்கள் தையல் மிஷினில் உட்கார்ந்து முகக்கவசம் தைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு டி-டைமர் என்று ஒரு டெஸ்ட் எடுத்தார்களே, அது உடம்பில் ரத்தக்கட்டி உண்டாகுதா என்று பார்க்கத்தான். வயிற்றில் போட்ட ஹெப்பாரின் ஊசியும் ரத்தம் கட்டாமல் இருக்கத்தான்.

2018-ல் கனடா நாட்டிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஃபுளூ என்று உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு கூடுது என்று அதில் கண்டார்கள். இதற்காக எல்லாரும் நடுங்க வேண்டாம். பெரும்பாலானோருக்குச் சளிக்காய்ச்சல் சில நாளில் தானே போய்விடும். சுகர், பிரஷர், இதய நோய் உள்ளவர்களும், வயசானவர்களும், கர்ப்பிணிகளும்தான் கூடுதல் கவனமாக இருக்கணும்.

பிள்ளைகள் விஷயம் ஒன்று. சளிக்காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து, அடிபடாமலேயே உடம்பில் சிவப்புப் புள்ளியோ நீலத் தழும்போ வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கிருமியை எதிர்க்கும் சக்தி, ஆள் தெரியாமல் சொந்தத் தட்டணுக்களையே அழிப்பதால் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும். பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகிவிடும். ஆனால் டாக்டர் பார்வையில் இருக்கணும்.

ரிப்போர்ட்டில் எண் திடீரென்று ரொம்பக் குறைவாக வந்தால் பதறாதீர்கள். ஊதா மூடி டியூபில் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டாலும் மிஷின் குறைத்துக் காட்டும். கண்ணாடித் தகட்டில் பூசி, மைக்ரோஸ்கோப்பில் ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மனசில் வைக்க வேண்டியது இவ்வளவுதான். மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கறுப்பாக மலம் — இதில் ஒன்று தெரிந்தாலும் எண்ணுக்குக் காத்திருக்காமல் 108-க்குப் போன் போடுங்கள். காய்ச்சலுக்கு மெடிக்கல் கடையில் ஆஸ்பிரின், புரூஃபன் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். இதயத்துக்காக டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

காய்ச்சலை மறைத்துக்கொண்டு கூலிக்குப் போவதும், வீட்டில் எல்லாரையும் டாக்டரிடம் அனுப்பிவிட்டுத் தான் மட்டும் கஷாயத்தோடு படுத்துக்கொள்வதும் நாம்தான். ஒரு நாள் கூலியைப் பார்த்தால் ஒரு உயிர் போய்விடும். உங்கள் குழுவில் மருத்துவ அவசரக் கடனுக்கு அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல், அன்றைக்கே பணம் கொடுக்கத் தீர்மானம் போடுங்கள். கூட்டத்துக்கு வராத உறுப்பினருக்கு அபராதம் எழுதும் முன்னால், அவள் வீட்டுக்கு ஒருத்தி போய் எட்டிப் பாருங்கள்.