சின்னத்திரையில் சம்பாஜி: நம் இல்லங்களில் எழுந்த கருத்துகள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் பேசுவோர் திருக்குறளையோ சிலப்பதிகாரத்தையோ எடுத்துக்கொள்வதே மரபு. அப்பணியைச் செம்மையாகச் செய்யவல்ல புலமையாளர் நம் சங்கத்தில் பலர் உளர். மெட்ரிக்குலேஷன் அளவில் படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலங்கழித்துவரும் எழுத்தராகிய யாம் அவர்களோடு போட்டியிட நினைக்கவில்லை. ஆதலால், நம் விஷ்ராந்த்வாடிக் குடியிருப்பில் இரவு உணவு வேளைதோறும் பேசப்பட்ட ஒன்றையே பொருளாகக் கொண்டோம். ‘ஸ்வராஜ்யரக்ஷக் சம்பாஜி’ என்னும் மராட்டியத் தொலைக்காட்சித் தொடரும், அதனைக் கண்டு நம்மவர் சொன்ன கருத்துகளுமே அப்பொருள்.

இத்தொடர் ஜீ மராட்டி அலைவரிசையில் 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் தொடங்கி, 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் நிறைவுற்றது. சிவாஜி மன்னரின் மூத்த மைந்தர் சம்பாஜியின் வாழ்க்கையே இதன் கதை. சம்பாஜியாக நடித்த அமோல் கோல்ஹே மருத்துவம் பயின்றவர். முன்னரே ‘ராஜா சிவசத்ரபதி’ என்ற தொடரில் சிவாஜியாகத் தோன்றியவர். இத்தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2019-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஷிரூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சம்பாஜியின் துணைவியார் ஏசுபாயாகப் பிராஜக்தா கெய்க்வாட் நடித்தார். இரண்டரை ஆண்டுகள் ஒரு கதை நம் கூடத்தில் குடியிருந்ததென்றால், அது வீட்டு மனிதரைப் போல ஆகிவிட்டது என்றே சொல்லவேண்டும்.

முதற்கண், மொழியை முன்னிட்டுப் பார்த்தோர் கருத்து. தமிழகத்திலிருந்து மணமாகி வந்த நம் மகளிர் சிலர், காய்கறிக் கடையில் பேசும் அளவுக்கே மராட்டி அறிந்திருந்தனர். இத்தொடரைக் கண்டபின் மரியாதைச் சொற்களும் உறவுச் சொற்களும் அவர்கள் நாவில் இயல்பாக வந்தன. அண்டை வீட்டு மராட்டிய அம்மையாரோடு பேச அவர்களுக்கு ஒரு பொருளும் கிடைத்தது. இது சிறு பயன் அன்று.

அடுத்து, குறை கூறியோர் கருத்து. “ஒரு மடல் படிக்கப்படுவதற்கு ஒரு வாரம் ஆகிறது, ஒருவர் முகத்தை மும்முறை காட்டுகின்றனர்” என்றார் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். இது பெரும்பாலான தொடர்களுக்கும் பொருந்தும் குறைதான். மற்றொரு குறை சற்று ஆழமானது. அரண்மனைப் பூசலை மாமியார் மருமகள் சண்டை போல ஆக்கிவிட்டனர் என்று நம் தாய்மார்களே கூறினர். 1680-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் சிவாஜி மறைந்தபின், சோயராபாயும் அமைச்சர் சிலரும் சிறுவன் ராஜாராமை அரியணை ஏற்ற முயன்றது வரலாறு. ஆனால், தூணின் மறைவில் நின்று பல்லைக் கடிப்பதும், கண்ணை உருட்டுவதும் தொடர் எழுதுவோரின் கைவண்ணம். இவ்விரண்டையும் பிரித்தறியும் பழக்கம் நமக்கு வேண்டும்.

மூன்றாவது கருத்து, சம்பாஜியின் குணத்தைப் பற்றியது. பழைய நாடகங்களும் நூல்களும் பல அவரை இன்பத்தில் மூழ்கிய இளவரசராகவே காட்டின. இத்தொடரோ அவரிடம் ஒரு மாசும் இல்லையெனக் காட்டுகிறது. இவற்றுள் எது மெய் என்று ஓர் இளைஞர் எம்மிடம் வினவினார். வரலாற்று அறிஞர் வா. சீ. பேந்த்ரே 1960-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலால் பழைய பழிச்சொற்கள் பல மறுபரிசீலனைக்கு வந்தன. சம்பாஜி வடமொழி அறிந்தவர். ‘புதபூஷணம்’ என்னும் நூல் அவர் பெயரால் வழங்குகிறது. மொகலாயர், ஜஞ்சீராவின் சித்திகள், கோவாவின் போர்ச்சுக்கீசியர் ஆகிய மூவரோடும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் போரிட்டவர். அதே வேளையில், 1678-ஆம் ஆண்டின் இறுதியில் தந்தையைப் பிரிந்து மொகலாயத் தளபதி திலேர் கானிடம் சென்று சேர்ந்ததும், ஓராண்டளவில் மீண்டு வந்ததும் உண்மையே. மாசே இல்லாத மனிதரைவிட, வழி தவறிப் பின் மீண்டு நின்ற மனிதரிடமே நம் பிள்ளைகள் கற்பதற்கு மிகுதி உண்டு.

நான்காவது, இறுதிக் காட்சிகளைப் பற்றிய கருத்து. 1689-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சங்கமேஸ்வரத்தில் சிறைப்பட்ட சம்பாஜி, கொடிய வதைகளுக்குப்பின் மார்ச்சு 11-ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் உயிர் நீத்ததாகப் போற்றப்படும் துளாப்பூர், நம் விஷ்ராந்த்வாடியிலிருந்து அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர். தொடர் முடியும் தறுவாயில், அவ்வதைக் காட்சிகளைக் காட்டலாகாது என்ற வேண்டுகோள் மாநிலத்தில் எழுந்தது. நம் குடியிருப்பிலும் இரு கட்சிகள் தோன்றின. “பிள்ளைகள் உறக்கம் கெடும்” என்றனர் சிலர். “தியாகத்தின் விலையை அறியாமல் வளரலாமா?” என்றனர் வேறு சிலர். பிள்ளைகள் காண்பதில் தவறில்லை. ஆனால் தனியே காண விடலாகாது, பெற்றோர் அருகிருந்து விளக்கவேண்டும் என்பது எம் துணிபு. அவ்வாறு சொல்வதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்று உண்டு.

தொடரைக் கண்டு வந்த நம் சிறுவன் ஒருவன், தன்னோடு பந்து விளையாடும் இசுலாமியத் தோழனைப் பார்த்து, “நீ ஔரங்கசீப்பின் ஆள்” என்றான். அப்பிள்ளை அழுதுகொண்டே வீடு திரும்பினான். செய்தி அறிந்த நம் சிறுவனின் தாயார், தாமதியாமல் மகனை அழைத்துக்கொண்டு அவ்வீட்டுக்குச் சென்றார். அங்கு இரு பிள்ளைகளையும் அமர்த்திக்கொண்டு அவர் சொன்னவை நாம் அனைவரும் அறியவேண்டியவை. ஔரங்கசீப்பின் சொந்த மகன் அக்பர், 1681-ஆம் ஆண்டு தந்தையை எதிர்த்து வந்து அடைக்கலம் புகுந்தது சம்பாஜியிடமே. சிவாஜியின் கடற்படைத் தலைவர்களுள் ஒருவர் தௌலத் கான். மறுபுறம், சம்பாஜியின் மைத்துனரே ஆன கணோஜி ஷிர்க்கே மொகலாயர் பக்கம் போய்ச் சேர்ந்தவர். அன்றைய போர் அரசுக்கும் அரசுக்கும் நடந்தது. இன்றைய தெருவில் வாழும் இரு வீட்டாருக்கு இடையே நடந்ததன்று. அன்று மாலை மீண்டும் பந்தாட்டம் நடைபெற்றது.

இதைச் சிறு செய்தி என்று தள்ளிவிடலாகாது. இத்தொடர் தொடங்கிய நான்காம் திங்களில் நம் அண்டையில் நிகழ்ந்ததை நினைவிற் கொள்ளுங்கள். சம்பாஜியின் சமாதி அமைந்த ஊர் வடு புத்ருக். சிதைந்த அவர் உடலைத் திரட்டி இறுதிக் கடன் செய்தவர் கோவிந்த் கோபால் மஹார் என்பது ஒரு சாராரின் மரபு. அதனை ஏற்காத மற்றொரு சாராரும் உளர். 2017 டிசம்பர் இறுதியில் அவ்வூரில் இது பூசலாயிற்று. 2018 ஜனவரி 1-ஆம் நாள் அருகிலுள்ள பீமா கோரேகானில் கலவரம் மூண்டு ஓர் இளைஞர் உயிர் இழந்தார். முன்னூற்று இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சாவு அன்று ஊரைப் பிளந்தது. 2025 பிப்ரவரியில் வெளிவந்த ‘சாவா’ திரைப்படத்தைக் குறித்தும், தம் முன்னோரைத் துரோகியாகக் காட்டினர் என ஷிர்க்கே குடும்பத்தார் மனம் வருந்தினர். திரையில் தோன்றும் பெயர்களுக்கு உயிருள்ள வழித்தோன்றல்கள் உளர். பிழைக்க வந்த மண்ணில் வாழும் நாம், இத்தகைய பொருள்களில் நாவை அடக்கி, செவியைத் திறந்து வைப்பதே அறிவுடைமை.

ஐந்தாவதும் இறுதியானதுமான கருத்து, நம் நெஞ்சைத் தொடுவது. “என் மகனுக்குச் சம்பாஜியின் குதிரையின் பெயர்கூடத் தெரிகிறது, இராசராச சோழனைத் தெரியவில்லை. பிறர் வரலாறு நமக்கு எதற்கு?” என்று தந்தை ஒருவர் வருந்தினார். வேறொரு வீட்டில் சிறுமி ஒருத்தி, “அப்பா, அப்போது நாம் எங்கே இருந்தோம்?” என்று கேட்டாளாம். தந்தையின் வருத்தத்துக்கும் மகளின் கேள்விக்கும் விடை ஒன்றே. அது செஞ்சிக் கோட்டை.

1677-ஆம் ஆண்டு தென்னாட்டுப் படையெடுப்பில் சிவாஜி செஞ்சியைக் கைக்கொண்டார். சம்பாஜியின் காலத்தில் அவருடைய மைத்துனர் ஹர்ஜி ராஜே மகாடிக் அங்கிருந்து ஆட்சி நடத்தினார். சம்பாஜி வீழ்ந்ததும் மொகலாயப் படை ராய்கட்டை முற்றுகையிட்டது. அப்போது ஏசுபாய், மைத்துனன் ராஜாராமைத் தப்பிச் செல்லச் செய்து, தாம் இளம் மைந்தன் ஷாஹுவோடு கோட்டையிலேயே தங்கினார். கோட்டை வீழ்ந்தபின் சிறைப்பட்ட அம்மையார் விடுதலை பெற்றது 1719-இல். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! ராஜாராமோ 1689 நவம்பரில் வந்து சேர்ந்த இடம் நம் செஞ்சி. 1698 வரை மொகலாயர் அதனை முற்றுகையிட்டனர். மராட்டியரின் அரசு தன் மண்ணில் நிற்க இடமின்றித் தவித்தபோது, அதற்கு நிழல் தந்தது தமிழ் மண். தஞ்சையை ஆண்ட ஏகோஜியும் சம்பாஜிக்குச் சிற்றப்பன் முறையினர். அவர் மரபினர் போற்றி வளர்த்த சரசுவதி மகால் நூலகம் இன்றும் நிற்கிறது. 2025 சூலையில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னங்களாக ஏற்ற பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன, பன்னிரண்டாவது செஞ்சி.

அன்று அவர்கள் நம் நாட்டுக்கு அடைக்கலம் தேடி வந்தனர். பின்னர் நாம் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும், ரயில்வேக்கும், படைத்துறைக்கும் பிழைப்புத் தேடி இங்கு வந்தோம். விருந்தும் வருகையும் இருபுறமும் நிகழ்ந்திருக்கின்றன. ஆகவே சிறுமிக்கு நாம் சொல்லவேண்டிய விடை: “குழந்தாய், நாம் கதைக்கு வெளியே இல்லை, கதையின் அடுத்த அத்தியாயம் நம் ஊரில்தான் நடந்தது.”

தந்தையின் வருத்தமும் புறக்கணிக்கத்தக்கதன்று. இராசராசனைப் பற்றிச் சொல்லவேண்டிய கடமை மராட்டியத் தொலைக்காட்சிக்கு உரியதன்று, நமக்கே உரியது. ஞாயிறுதோறும் நம் சங்கத்தில் நடைபெறும் தமிழ் வகுப்பில் அரை மணி நேரத்தை வரலாற்றுக்கு ஒதுக்குமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றோம். இவ்வாண்டு பிள்ளைகளைத் துளாப்பூருக்கும் வடுவுக்கும் ஒருமுறை அழைத்துச் செல்வோம். அண்டை வீட்டு மராட்டியப் பிள்ளைகளையும் உடன் அழைப்போம். விடுமுறையில் ஊர் செல்வோர் திண்டிவனத்தில் இறங்கிச் செஞ்சிக்கு ஒரு நாள் ஒதுக்கட்டும். தொடர் முடிந்துவிட்டது, அது எழுப்பிய கேள்விகளுக்கு விடை சொல்லும் பொறுப்பு நம்முடையது.