ஆறு மணிச் சிள்வண்டு

பேராக் மலைக்காட்டோரத் தோட்டங்களில் வாழ்ந்தோர், அந்தி ஆறு மணியளவில் எழும் பெருஞ்சிள்வண்டின் ஓசையை அறிவர். சிறகு விரித்தால் ஏறத்தாழ 20 செ.மீ.; சிள்வண்டுகளுள் மிகப் பெரியது இதுவே. 1842இல் வெஸ்ட்வுட் இதற்குப் பேரரசுக்குரியது என்னும் பொருளில் ‘இம்பெரடோரியா’ எனச் சிற்றினப் பெயர் சூட்டினார். பின்னர் இது ‘பொம்போனியா’ப் பேரினத்துள் வைக்கப்பெற்றது. 2005இல் புலார் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதிலிருந்து பெரியவற்றைப் பிரித்து, ‘மெகாபொம்போனியா’ என்னும் சிறு பேரினத்தை வகுத்தார். பேரினம் மாறியும் சிற்றினப் பெயர் நிலைத்தது.

நம் பெயரிலோ வேறு சிக்கல். வண்டுக்குக் கடிக்கும் வாய். இதற்கு மரச்சாறு உறிஞ்சும் ஊசிவாய். இது வண்டன்று, அசுவினிக்கு உறவு. பழஞ்சொல்லை மாற்றச் சொல்லேன். ஆயினும், இதனை வண்டினத்துள் சேர்த்தெழுதும் மாணவனின் மதிப்பெண்ணைக் குறைக்குமுன், அப்பிழை சொல்லிலேயே இருப்பதை ஆசிரியர்கள் அவனுக்கு விளக்குக.